அவளுக்கு யார் கொடுப்பது?

உறுப்பு தானத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு நெடிய வரலாறு உண்டு. 1971இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை வெற்றி கண்டது. 2008இல் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பகிர்ந்தளிக்க அரசுத் திட்டம் வந்தது. 2023 முதல் கொடையாளரின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை தரப்படுகிறது. பெருமைப்பட வேண்டிய செய்திகள்தாம். ஆனால் கொடுப்பது யார், பெறுவது யார் என்று நாம் கேட்டாக வேண்டும். 1995 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த உறுப்பு மாற்று சிகிச்சைகள் 36,640 என்கிறது தேசிய உறுப்பு மாற்று அமைப்பு. அவற்றில் ஆண்கள் பெற்றவை 29,695. பெண்கள் பெற்றவை 6,945. ஐந்து பேரில் ஒருத்திகூட முழுதாக இல்லை. உயிரோடிருக்கும்போதே உறுப்பு கொடுப்பவர்களிலோ பெரும்பாலோர் மனைவியரும் தாய்மாரும்தான்.

நோயே ஆண்களுக்குத்தானே அதிகம் என்று சிலர் கேட்கலாம். குடியால் கெடும் ஈரலைப் பொறுத்தவரை அது உண்மை. சிறுநீரக நோய் அப்படியன்று. அது பெண்களையும் ஆண்களுக்கு இணையாகத் தாக்குகிறது. முற்றிய கட்டத்தை எட்டுவோரில் ஆண்கள் கூடுதல் என்றாலும், நாலுக்கு ஒன்று என்ற இடைவெளிக்கு அது கணக்காகாது. பிள்ளை பெற்ற தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்பணுக்களால் கணவரின் சிறுநீரகம் சில சமயம் பொருந்தாமல் போவதும் உண்டு. அதற்கும் வழி இருக்கிறது. பொருத்தமில்லாத இரு குடும்பங்கள் தங்களுக்குள் மாற்றிக் கொடுத்துக்கொள்ள 2011ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் இடம் தந்திருக்கிறது.

சம்பாதிக்கிற ஆணை எப்படிப் படுக்க வைப்பது என்பது அடுத்த கேள்வி. நம் திண்டுக்கல் மாவட்டத்தில், வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்களில் ஷிப்டு பார்ப்பவர்களும், நிலக்கோட்டைத் தோட்டங்களில் விடியுமுன் மல்லிகை பறிப்பவர்களும் யார்? அவர்கள் கூலியிலும்தான் இங்கே அடுப்பு எரிகிறது. அவள் ஆசைப்பட்டுத்தானே கொடுக்கிறாள் என்பாரும் உண்டு. அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் மாட்டேன் என்று சொன்னால் வீட்டில் இடமில்லை என்ற நிலையில் ஒருத்தி சொல்லும் சம்மதம், சம்மதமே ஆகாது. இதை உணர்ந்துதான் 2014ஆம் ஆண்டு விதிகள், பெண் கொடையாளரின் சுயவிருப்பத்தை உறுப்பைப் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதி செய்ய வேண்டும் என்கின்றன.

2025இல் தேசிய அமைப்பு, காத்திருப்போர் பட்டியலில் பெண்களுக்கு முன்னுரிமை கொடுக்க மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. நல்ல முடிவு. ஆனால் பட்டியலில் பெயர் ஏறியவளுக்குத்தான் முன்னுரிமை கிடைக்கும். கால் வீக்கத்தையும் களைப்பையும் சொல்லாமல் சமைத்துக்கொண்டிருப்பவளின் பெயரை யார் ஏற்றுவது? அநீதி ஆஸ்பத்திரி வாசலுக்கு வெகு முன்னால், நம் வீட்டுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது இவைதாம். சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ உள்ள உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு ஆண்டுக்கொரு முறை சிறுநீரகப் பரிசோதனை செய்யுங்கள். மாற்று சிகிச்சை தேவை என்று மருத்துவர் சொன்னால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு இடமுண்டு. தயங்காமல் பதிவு செய்யுங்கள். பொருத்தம் பார்க்க வேண்டி வந்தால் கணவரும் அண்ணன் தம்பிகளும் முதலில் கை நீட்டுங்கள். இத்தனை காலம் அவள் கொடுத்தாள். இனி அவளுக்குக் கொடுக்கும் முறை நம்முடையது.