ஒளியை உளியாக்கியவர்



பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள் என்றதும் சர் சி.வி. இராமன் படத்துக்கு மாலை போடுகிறோம். போடத்தான் வேண்டும். ஆனால் இராமன் விளைவு வெளிப்பட்டுச் சரியாக ஓராண்டு கழித்து, 1929இல், இதே தேதியில் பிறந்த இன்னொருவரும் ஒளியோடுதான் மல்லுக்கட்டினார். பெயர் ரங்கசாமி சீனிவாசன்; இன்றைய கண் லேசர் சிகிச்சைக்கு வழி திறந்தவர். 1950இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. முடித்தார். 1953இல் அமெரிக்கா போனார். அங்கே இயற்பிய வேதியியலில் டாக்டர் பட்டம்; 1961 முதல் 1990 வரை ஐ.பி.எம். ஆய்வகம்.

ஐ.பி.எம். என்றால் கணினிக் கம்பெனி. அங்கே கண்ணுக்கு என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை! இவர் புற ஊதா லேசரால் பிளாஸ்டிக்கைச் செதுக்கிக்கொண்டிருந்தார். செதுக்கியது, கருகவில்லை. ஏன்? 193 நானோமீட்டர் ஒளி சுட்டுப் பொசுக்குவதில்லை, மூலக்கூறுகளின் பிணைப்பையே அறுக்கிறது. அறுபட்ட துணுக்குகள் சூட்டையும் சுமந்துகொண்டு பறந்துவிடுகின்றன. ஒரு துடிப்புக்குக் கால் மைக்ரான் ஆழம்தான்.

அப்படியானால் உடம்புத் திசுவில்? 1981 நவம்பர் 27. முந்தின நாள்தான் அங்கே வான்கோழி விருந்துத் திருநாள். மிச்சமான துண்டை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்விட்டார் மனிதர்! நம் வீடாக இருந்தால் மறுநாள் குழம்புக்குப் போயிருக்கும். லேசர் பட்டது, குருத்தெலும்பு கருகாமல் வெட்டுப்பட்டது. அவரோடு இந்த ஆய்வில் இருந்தவர்கள் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம். 1983இல் ஸ்டீபன் டிரோக்கல் என்ற கண் மருத்துவர் சேர்ந்துகொள்ள, ஆய்வு கருவிழிக்குப் போனது. 1995இல் கண் சிகிச்சைக்கு அந்த லேசரைப் பயன்படுத்த அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. கல்யாணத்துக்கு முன்னால் கண்ணாடியைக் கழற்ற ஓடுகிறோமே, அந்த லேசர் இதுதான். 2013இல் அதிபர் ஒபாமா சீனிவாசனுக்குத் தேசியப் பதக்கம் அணிவித்தார். நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியாதது நம் குறை.

மரக்காணம் உப்பளத்திலிருந்து வேலை முடித்த கையோடு இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கும் தோழர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த லேசர் கண்புரைக்கோ, கண்ணில் வளரும் சதைக்கோ மருந்தல்ல. ஆனால் வெயிலிலும் புற ஊதா உண்டு. மேலிருந்தும் இறங்கும், வெள்ளை உப்பில் பட்டுக் கீழிருந்தும் எகிறும். ஆண்டுக்கணக்கில் பட்டால் சதை வளரும், புரை முந்தும். அதனால் பாத்தியில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடியும், ஆண்டுக்கொரு கண் பரிசோதனையும் வேண்டும் என்று இந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் போடுங்கள். முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.