புனிற்றுத் தாயும் வெந்நீரும்



ஈன்ற அணிமையைக் குறிக்கத் தமிழில் தனிச்சொல் ஒன்று உண்டு: ‘புனிறு’. தொல்காப்பிய உரியியல் அதற்குப் பொருள் கூறுகிறது. நற்றிணையின் 40ஆம் பாட்டில், மணல் பரப்பிய பந்தரையுடைய மனையில், வெண்கடுகு அப்பி நெய்யாடிய இளந்தாய் கண்ணயர்கின்றாள். மகன் செவிலியோடு துயில்கின்றான். கணவன் நள்ளிரவில் கள்வனைப்போல் வந்து நுழைகின்றான். அவன் கதை இங்கு வேண்டா. குழந்தையை மற்றொருத்தி ஏந்தியிருக்கத் தாய் உறங்குகிறாளே, அதுவே கருதத்தக்கது.

மணவூரை அடுத்த திருவாலங்காடு, அழகிய உடலை உதறிப் பேயுருப் பெற்ற காரைக்காலம்மையாரின் தலம். அதன் அயலில், பெற்றவளின் உடலைப் பேணும் மரபும் தலைமுறைதோறும் வாழ்ந்து வந்தது. திருத்தணி வட்டாரம் 1960இல் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இன்றும் இங்குத் தெலுங்கு பேசும் வீடுகளில் அவள் ‘பாலிந்த’. மொழி வேறாயினும் வெந்நீர் ஒன்றே. நொச்சி, வேம்பு, ஆமணக்கு ஆகியவற்றின் இலைகளைக் கொதிக்கவிட்டு, பொறுக்கும் சூட்டில் இடுப்பிலும் முதுகிலும் மூத்தவள் ஒருத்தி வீசி ஊற்றுவாள். கூந்தலுக்குச் சாம்பிராணிப் புகை. வயிற்றுக்குப் பழஞ்சேலைக் கட்டு. உள்ளுக்குச் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் சேர்த்துக் கருப்பட்டியில் கிண்டிய மருந்து. யாழ்ப்பாணத்தில் பாவட்டையும் ஆடாதோடையும் அவித்த நீரில் குளிப்பு. உணவுக்குச் சரக்குக் கறி.

இவை அனைத்தும் நல்லன என்று கொள்வதற்கில்லை. வயிறு பெருக்கும் என்று தண்ணீரை மறுத்தது கொடுமை. பாலூட்டுபவளுக்கு நீரே முதல் தேவை. அடைத்த அறையில் கரிநெருப்பு வைப்பது தாய்க்கும் சேய்க்கும் தீங்கு. அறுவை செய்து பெற்றவளின் தையல் ஆறுமுன் இந்த நீராட்டு ஆகாது. எழவே விடாமல் கிடத்தினால் கால் நரம்பில் குருதி உறையக்கூடும். ஆனால் வெதுவெதுப்பான நீரும், வலித்த இடுப்பைத் தேய்க்கும் கையும் யாருக்கும் கெடுதல் செய்ததில்லை.

மருந்து இன்று கடையில் கிடைக்கிறது. 2015இல் தமிழக அரசு அறிமுகம் செய்த குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தின் 16 பொருள்களுள் சௌபாக்கிய சுண்டி இலேகியமும் ஒன்று. ஊற்றும் கையைப் பெட்டகத்தில் வைத்துத் தர இயலாதன்றோ? ‘தீட்டு’ என்ற சொல் அவளை ஒதுக்கியது. அதை நியாயப்படுத்த வேண்டியதில்லை. எனினும் அந்த ஒதுக்கமே அவளை அடுப்படியிலிருந்தும் கழனியிலிருந்தும் சில நாள் விடுவித்தது என்பதை மறைப்பதும் நேர்மையன்று. தீட்டு நீங்கியது நன்று. அதனோடு ஓய்வும் நீங்கிவிட்ட வீடுகள் பல.

1961ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் ஊதியத்தோடு 12 வாரம் தந்தது. 2017இல் முதலிரு பேறுகளுக்கு அது 26 வாரமாயிற்று. செங்கற் சூளையிலும் வீட்டு விசைத்தறியிலும் உழைப்பவளுக்கு அது பெரும்பாலும் எட்டுவதில்லை. அவளுக்கு அந்நாட்களைத் தந்தவை தாய்வீடும் அண்டைவீட்டுக் கிழவியின் கையுமே. தாயில்லாதவளுக்கு அதுவும் இல்லை. மூன்றாம் நாளே அவள் தானே தண்ணீர் சுமந்து, தானே அடுப்பு மூட்டி, தானே ஊற்றிக்கொள்கிறாள்.