கடலாமையும் ஆராய்ச்சி மணியும்

(திருவானைக்காவலில் வட்டத்தின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நீர்த்தலம் எனப் போற்றப்பெறும் இவ்வூரில், இலக்கியம் பேசும் இவ்வவையில், ஒரு கப்பல் வழக்கைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறேன். இதற்கும் இலக்கியத்துக்கும் என்ன உறவு என்று சிலர் எண்ணக்கூடும். உறவு உண்டு என்பதை இறுதியில் நீங்களே ஒப்புவீர்கள் என நம்புகிறேன்.

மனுநீதிச் சோழன் கதையை அறியாதார் இங்கில்லை. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியின் கயிற்றை இழுத்தது. அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். அரசனின் நேர்மையை நாம் வியந்து வருகிறோம். நான் இன்று நினைப்பது பசுவைப் பற்றி. அதனால் அரண்மனை வாயிலுக்கு நடந்து வர முடிந்தது. கயிறும் அதற்கு எட்டியது. நடுக்கடலில் நஞ்சுண்டு சாகும் ஆமை எந்த வாயிலுக்கு வரும்? எந்தக் கயிற்றை இழுக்கும்?

2021ஆம் ஆண்டு மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ல் என்னும் சரக்குக் கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டது. சிங்கப்பூரில் பதிவு பெற்ற புதிய கப்பல். 1,486 கொள்கலன்கள், அவற்றுள் 25 டன் நைட்ரிக் அமிலம், 1,600 டன்னுக்கும் மேற்பட்ட ஞெகிழி மணிகள். அமிலம் ஒழுகுவதைக் கப்பலில் இருந்தோர் முன்னரே அறிந்திருந்தனர். கத்தார் நாட்டுத் துறைமுகத்திலும் நம் குஜராத்தின் ஹசீராவிலும் அக்கொள்கலனை இறக்கிவிட இசைவு கேட்டனர், இரண்டிடத்திலும் கிடைக்கவில்லை. ஒழுகும் அமிலத்தோடு கப்பல் கொழும்பு வந்தது. மே 20ஆம் நாள் தீ மூண்டது. பல நாள் எரிந்த கப்பல், ஜூன் 2ஆம் நாள் ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்ல முயன்றபோது தரைதட்டி மூழ்கலாயிற்று.

பருப்பளவே உள்ள அந்த வெண்மணிகள் இலங்கையின் மேற்குக் கரையில் உப்பளத்துக் குவியல்போல் ஒதுங்கின. மீன் முட்டையை ஒத்த தோற்றம் உடையவை. இரை தேடும் உயிருக்கு வேறுபாடு தெரியாது. மீனவர் கடலுக்குச் செல்வது தடுக்கப்பட்டது. நாள்தோறும் ஆமைகளின் உடல்கள் கரை சேர்ந்தன.

மீனவர்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் கொழும்புப் பேராயர் மல்கம் ரஞ்சித் அவர்களும், அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று இலங்கை உச்ச நீதிமன்றத்தை நாடினர். 2025 ஜூலை 24ஆம் நாள் தீர்ப்பு வந்தது. 417 ஆமைகள், 48 ஓங்கில்கள், 8 திமிங்கிலங்கள் மாண்ட கணக்கு அத்தீர்ப்பில் ஏறியது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறிப்படி, கப்பல் தரப்பினர் 100 கோடி அமெரிக்க டாலர் செலுத்துமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. உரிய நேரத்தில் கடமை செய்யத் தவறிய அரசுத் தரப்பினரையும் அது விட்டுவைக்கவில்லை.

இந்த வழக்கில் ஆமைக்கு என்ன இடம் என்று பாருங்கள். ஆமை வாதியன்று, சான்றுப்பொருள் மட்டுமே. மனிதர்கள் தம் உரிமைக்காக வழக்காடினர். அதன் நிழலில் ஆமைக்கும் நீதி கிடைத்தது.

சட்டத்தின் கண்ணில் 'ஆள்' என்பது யார்? நம்மூர்க் கோயிலில் எழுந்தருளியிருக்கும் இறைவன் ஆள். அவன் பெயரில் சொத்தும் உண்டு, வழக்கும் உண்டு. தஞ்சை மண்டலத்துப் பத்தூர் நடராசர் திருமேனி லண்டன் வரை கடத்தப்பட்டபோது, பாழடைந்து கிடந்த அக்கோயிலே வழக்காளியாக நிற்கலாம் என்று ஆங்கிலேய நீதிமன்றம் ஏற்றது; 1991இல் நடராசர் தாயகம் திரும்பினார். கப்பலும் கடற்சட்டத்தில் ஆள்போலவே நடத்தப்பெறும்; அதைப் பிரதிவாதியாக்கிப் பிடித்தும் வைக்கலாம். 2025 மே 25இல் எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் கப்பல் கொச்சிக்கு அப்பால் மூழ்க, அதன் ஞெகிழி மணிகள் நம் குமரிக் கரை வரை வந்தன. கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டு வழக்குத் தொடுத்தது. அதே குழுமத்தின் வேறொரு கப்பலை விழிஞ்ஞத்தில் பிடித்து வைக்குமாறு கேரள உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. கல்லில் உறையும் தெய்வத்துக்கு நீதிமன்றத்தில் இடமுண்டு. இரும்புக் கப்பலுக்கும் உண்டு. உயிருள்ள ஆமைக்கோ பிறர் வாய் வேண்டியிருக்கிறது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இயற்கை அன்னையைச் சட்டப்படி உரிமையுள்ள ஆளாக அறிவித்தது. நல்ல தொடக்கம், ஆனால் தொடக்கமே.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் கடலாமைகளைக் காக்கிறது. பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகளைப் பற்றிய வேலூர் வழக்கில், மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உரைத்தது. எனினும் 2017 ஜனவரியில், ஆமைகள் முட்டையிட வரும் பருவத்தில், எண்ணூருக்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. அதை வாளிகளால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியபோது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கெடுத்தது. ஒருவரும் இழுக்காமலே மணி ஒலித்தது எனலாம்.

மணி ஒலித்தால் போதுமா? இலங்கைத் தீர்ப்பின் தொகையைச் செலுத்த இயலாதென்று 2025 செப்டம்பரில் கப்பல் நிறுவனம் மறுத்தது. அதற்கு முன்பே லண்டன் கடல்வழக்கு நீதிமன்றம் நிறுவனத்தின் பொறுப்பை 1 கோடியே 90 லட்சம் பவுண்டுக்குள் வரையறுத்திருந்தது. பணமே வந்தாலும் மாண்ட ஆமை எழுவதில்லை. ஆமைகளைக் கொல்வதில் இழுவை மடிகளின் பங்கும் பெரிது என்பதை மறைப்பதும் நேர்மையாகாது.

அப்படியானால் வழக்கால் பயன் என்ன? என் விடை இதுதான்: வழக்கு கணக்குக் கேட்கிறது. கரையில் கிடந்த உடலை ஒருவர் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். மருத்துவர் அறுத்துப் பார்த்துக் காரணம் எழுத வேண்டும். நாளும் இடமும் பதிவாக வேண்டும். அவை இருந்தமையால்தான் 417 என்னும் எண் தீர்ப்பில் ஏறியது. எவரும் எண்ணாத ஆமைகள் எந்த நீதிமன்றத்திலும் சாகவில்லை. மணலுக்குள் மக்கிப் போயின. அடுத்த கப்பல்காரர் ஒழுகும் கொள்கலனோடு புறப்படுமுன் ஒரு கணம் தயங்குவாரென்றால், அத்தயக்கம் இத்தகைய கணக்கிலிருந்தே பிறக்கும்.

இப்போது இலக்கியத்துக்கு வருகிறேன். அகநானூற்றின் 160ஆம் பாடலில், அடும்பு படர்ந்த மணல்மேட்டில் ஆமை முட்டைகளை மறைத்து வைப்பதையும், குஞ்சு வெளிப்படும் வரை ஆண் ஆமை அவற்றைக் காப்பதையும் குமுழிஞாழலார் நப்பசலையார் பாடியிருக்கிறார். ஆமை புதைக்கும் இடத்தையும் முறையையும் இத்தனை நுட்பமாகக் கண்ட கண்ணை வணங்குகிறேன். ஆனால் ஆண் கடலாமை கரையேறிக் காவல் இருப்பதில்லை என்று இன்றைய உயிரியல் சொல்கிறது. தாயும் முட்டையிட்ட அன்றே கடலுக்குத் திரும்பிவிடும். முட்டைக்குக் காவலே கிடையாது. அக்காவலைப் புலவர் தம் அன்பினால் படைத்தார் என்றே கருதுகிறேன். இருக்க வேண்டும் என்று அவர் கண்ட காவலை இரண்டாயிரம் ஆண்டு கழித்துச் சட்டத்தால் நாம் படைக்க முயல்கிறோம்.

நம் ஊருக்கு வடக்கே ஓடும் கொள்ளிடம் பழையாற்றுக்கு அருகே கடல் சேர்கிறது. தை, மாசி, பங்குனியில் அக்கரையோரம் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. இங்கே நாம் ஆற்றில் எறியும் ஞெகிழிப் பை அங்கே அவற்றின் இரையோடு மிதக்கும். ஆகவே குற்றவாளிக் கூண்டில் கப்பல்காரரோடு நமக்கும் ஒரு மூலை உண்டு.

இவ்வூரின் பெயரில் உள்ள 'கா' சோலையைக் குறிக்கும் என்பர் அறிஞர். மக்கள் நாவிலோ அது காவல் என்றாகிவிட்டது. மக்கள் வழக்கு வாழ்க! பத்தாண்டு கண்ட நம் வட்டத்தினர் அடுத்த மாசியில் ஒருநாள் கொள்ளிடத்தின் கழிமுகம் சென்று வருவோம். கரையில் கிடக்கும் ஆமை உடல்களை எண்ணி, நாள் குறித்து, வனத்துறைக்கு எழுதி வருவோம். கயிற்றை இழுக்க முதலில் ஒரு கை வேண்டும்.