நாள்பட்ட முதுகுவலிக்குப் படுக்கை மருந்தாகுமா?



குனிந்து குனிந்து பால்மரம் வெட்டிய இடுப்புக்கும், காண்டா வாளி சுமந்த தோளுக்கும், அண்ணாந்து பார்த்தே செம்பனைக் குலை அறுத்த கழுத்துக்கும் வலி புதிதன்று. சுளுக்கும் பிடிப்பும் பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். 3 மாதங்களைக் கடந்தும் நீடிப்பதையே நாள்பட்ட வலி என்கிறோம். அதை அடியோடு போக்கும் மருந்து பலருக்குக் கிடைப்பதில்லை. ஆனால் அதை அடக்கி ஆள முடியும். அதற்குத் துணை எது, தடை எது என்று பார்ப்போம்.

முதல் தடை அச்சம். அசைந்தால் எலும்பு தேய்ந்துவிடும் என்று பயந்து சிலர் படுத்தே கிடக்கிறார்கள். நாட்கணக்கில் படுத்தால் தசை மெலியும், மூட்டு இறுகும், பிறகு எழுந்து நடப்பதே பெரும்பாடாகிவிடும். பழைய வலி மீண்டும் தலைகாட்டினால், உடம்பில் புதிதாக ஏதோ பழுதாகிவிட்டது என்று பொருளல்ல.

இரண்டாவது தடை இதற்கு நேர்மாறானது. வலி குறைந்த நாளில் துணி துவைத்து, விறகு வெட்டி, கொல்லையைக் கொத்தி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிப்பது. மறுநாள் எழ முடியாமல் படுப்பது. இங்கேதான் அளவு வேண்டும். 20 நிமிடம் குனிந்தால் வலி ஏறுகிறதா? 15 நிமிடத்தில் நிமிர்ந்து, சற்று நடந்துவிட்டுத் தொடருங்கள். நடைப்பயிற்சியை 5 நிமிடத்தில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது கூட்டுங்கள். நல்ல நாளில் அளவை மீறாதீர்கள். வலி மிகுந்த நாளில் குறைத்துக்கொள்ளுங்கள், அடியோடு விட்டுவிடாதீர்கள்.

எடைக்கும் குலைக்கும் கூலி வாங்குபவர் நினைத்தபோது நிறுத்த முடியாது என்பது உண்மைதான். அதனால்தான், வலி முற்றும் முன்பே மருத்துவரிடம் காட்டி, இலகுவான வேலைக்குக் கடிதம் கேட்க வேண்டும். வேலையில் அடிபட்டால் அன்றே நிர்வாகத்திடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். சொக்சோ உதவி கோர அது துணைசெய்யும்.

மூன்றாவது தடை, பெயர் தெரியாத மாத்திரையும் ஜாமுவும். ஒரே நாளில் வலி பறந்துவிட்டதென்றால் மகிழாதீர்கள், ஐயப்படுங்கள். இத்தகைய சில பொருள்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு கண்டுபிடித்திருக்கிறது. நெடுநாள் உண்டால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும். ஏற்கெனவே உண்டு வருபவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. அந்த மருந்தையே கையில் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குச் செல்லுங்கள்.

குடும்பத்தாருக்கும் ஒரு சொல். "சும்மா நடிக்கிறார்" என்று ஏசுவதும் தவறு. "நீங்கள் அசையவே வேண்டாம், அப்பா" என்று எல்லா வேலையையும் பறித்துக்கொள்வதும் தவறு. கனமான வாளியை நீங்கள் தூக்குங்கள். காய்கறி நறுக்குவதை அவரிடம் விடுங்கள். மாலையில் கூடவே நடங்கள். தமக்கும் வீட்டில் ஒரு வேலை உண்டு என்ற நினைப்பும், நல்ல தூக்கமும், இளஞ்சூட்டு ஒத்தடமும் வலியைத் தாங்கும் தெம்பைத் தரும்.

ஆனால் காலில் திடீரென்று வலுக்குறைவு, தொடையிடுக்கில் மரத்துப்போதல், சிறுநீர் அடைபடுதல் அல்லது அடக்க முடியாமல் போதல் ஆகியவை தோன்றினால் ஒரு கணமும் தாமதியாமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். முதுகுவலியோடு காய்ச்சல் வந்தாலும், காரணமின்றி உடல் மெலிந்தாலும் மருத்துவரிடம் காட்டத் தயங்காதீர்கள்.

மற்றபடி, வலி முழுதும் போகட்டும் என்று காத்திராமல், இன்று மாலையே வாசலில் 5 நிமிடம் நடந்து பாருங்கள்.