செவிலியர் பட்டப்படிப்பில் சேர விரும்புவோர்க்கு

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில், ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)



செவிலியர் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கும் முறையைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். அதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை கூறியாக வேண்டும். சில நாட்களுக்கு முன் நம் தெருப் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "பிறர் அழுக்கை அள்ளும் தொழிலிலிருந்து மீளத்தானே நம் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம்? மறுபடியும் மலமும் இரத்தமும் துடைக்கவா அனுப்பச் சொல்கிறாய், அம்மா?"

அவர் கேள்வியில் பல தலைமுறைகளின் வலி இருக்கிறது. அதை நான் எளிதாகத் தள்ளிவிடமாட்டேன். துடைக்கும் பணி செவிலியத்தில் உண்டு; அதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. ஆனால் அன்று நம் முன்னோர்மீது அவ்வேலை பிறப்பைக் காட்டிச் சுமத்தப்பட்டது. மறுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. செவிலியத்தில் எந்தச் சாதியில் பிறந்தவரும் அதே பணியைச் செய்தாக வேண்டும். உடற்கூறியலும் மருந்தியலும் நுண்ணுயிரியலும் கற்றுத் தேர்ந்து, சட்டப்படி பதிவு பெற்று, ஊதியத்துடன் செய்கின்ற பணி அது. எழுதப்பட்ட மருந்தின் அளவில் ஐயம் தோன்றினால் மருத்துவரையே நிறுத்திக் கேட்கும் கடமையும் செவிலியருக்கு உண்டு. நம்மைத் தொடக்கூடாது என்று விலக்கிய குடும்பத்து முதியவரின் நாடியை இந்தக் கையால் நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெரியவருக்கு நான் சொன்ன விடை இதுவே.

நம் நாட்டில் செவிலியக் கல்வி பல்கலைக்கழகப் பட்டமாக உயர்ந்தது 1946-ஆம் ஆண்டில். தில்லியிலும் நம் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் அவ்வாண்டே பட்டப்படிப்பு தொடங்கிற்று. இன்று தமிழ்நாட்டுச் செவிலியர் கல்லூரிகளில் பெரும்பாலானவை டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

பட்டம் பெற இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங். இதற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகிய பாடங்களைப் பயின்றிருக்க வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த விதிப்படி பொதுப் பிரிவினர்க்குக் குறைந்தது 45 விழுக்காடும், ஆதிதிராவிடர், பழங்குடியினர்க்கு 40 விழுக்காடும் தேவை; சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். 40 என்பது விண்ணப்பிக்கும் தகுதி மட்டுமே. இடம் கிடைப்பது தரவரிசையைப் பொறுத்தது.

இரண்டாவது வழி, மூன்று ஆண்டுச் செவிலியர் பட்டயப் படிப்பை முடித்துப் பதிவு பெற்றபின், இரண்டே ஆண்டில் பட்டம் பெறும் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங். நான் இவ்வழியில் வந்தவள். நான்காண்டுப் படிப்பில் இடம் கிடைக்காத தங்கை, எல்லாம் முடிந்தது என்று எண்ணித் துவள வேண்டியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில், வேறு துறையில் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள் பெரும்பாலும் 12 முதல் 18 மாதங்களில் செவிலியர் பட்டம் பெறுகின்ற விரைவுப் படிப்பு உண்டு. செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் 1971-இலேயே அதைத் தொடங்கியது. அங்கும் உடற்கூறியல், உடலியங்கியல் போன்ற பாடங்களை முன்கூட்டியே முடித்து, கடும் போட்டியில் வென்றவர்க்கே இடம். நம் நாட்டுப் பாடத்திட்டத்தில் அத்தகைய படிப்பு இல்லை. ஆகவே, "ஓராண்டில் நர்சிங் பட்டம்" என்று சுவரொட்டி கண்டால் விலகிச் செல்லுங்கள். கல்லூரிக்குப் பல்கலைக்கழக இணைப்பும், கவுன்சிலின் ஏற்பும் உண்டா என்று பாருங்கள். 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அக்கவுன்சிலுக்கு மாற்றாகத் தேசிய ஆணையம் அமைப்பதற்கு 2023-இல் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. பெயர் மாறினாலும் ஏற்பு வேண்டும் என்பது மாறாது. ஏற்பில்லாத இடத்தில் படித்தவருக்குத் தமிழ்நாடு செவிலியர் மன்றத்தில் பதிவு கிடைக்காது. பதிவின்றிச் செவிலியராகப் பணியாற்ற இயலாது. நம் குடும்பங்கள் கடன் வாங்கிக் கட்டிய பணம் இவ்வாறே பாழாகிறது.

தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரி இடங்களையும், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களையும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு கலந்தாய்வின்வழி நிரப்பி வருகிறது. தில்லி எய்ம்ஸ், வேலூர் போன்ற நிறுவனங்கள் தத்தமக்கெனத் தேர்வு நடத்துகின்றன. விதிகள் ஆண்டுக்காண்டு மாறக்கூடும். ஆதலால் அவ்வாண்டின் தகவல் தொகுப்பேட்டை முதல் பக்கம் முதல் இறுதிவரை நீங்களே படியுங்கள்.

ஒதுக்கீட்டைப் பற்றி நம்மிடையே ஒரு தவறான எண்ணம் உண்டு. ஆதிதிராவிடர்க்குரிய 18 விழுக்காட்டில்தான் நமக்கு இடம் என்று பலர் நினைக்கின்றனர். அவ்வாறன்று. பொதுப் போட்டிக்குரிய 31 விழுக்காடு எல்லோர்க்கும் உரியது. உங்கள் தரவரிசை உயர்ந்திருந்தால் அங்கேயே இடம் பெறலாம். உங்கள் பங்கில் ஓரிடம் நம் இன்னொரு பிள்ளைக்கு மிஞ்சும். அந்த 18-க்குள் 3 விழுக்காடு அருந்ததியர்க்கு 2009 முதல் உள்ளொதுக்கீடாக வழங்கப்படுகிறது. கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகின்றனர். சான்றிதழில் உள்ளபடியே விண்ணப்பத்தில் எழுதுங்கள். வேறாக எழுதினால் சரிபார்ப்பின்போது இடம் கைவிட்டுப் போகும்.

இனி என் கதை. பயிற்சிக்கு விண்ணப்பித்த ஆண்டில் என்னிடம் மதிப்பெண் இருந்தது. சாதிச் சான்றிதழ் இல்லை. என் தந்தையார் கூலி வேலையை விட்டுவிட்டு ஓர் அலுவலகத்துக்கு ஆறு முறை நடந்தார். ஒவ்வொரு முறையும் "நாளை வா" என்றார்கள். சான்றிதழ் கைக்கு வந்தபோது கடைசி நாள் கடந்து ஐந்து நாட்கள் ஆகியிருந்தன. ஓராண்டு வீட்டில் இருந்தேன். நாற்று நடப் போனேன். என்னைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்ற தோழி சீருடை அணிந்து பேருந்தில் போவதை வரப்பில் நின்று பார்த்தேன். என் அறிவு என்னைத் தோற்கடிக்கவில்லை. ஒரு தாள் தோற்கடித்தது.

ஆகையால், தேர்வு முடிவு வரும்வரை காத்திராதீர்கள். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு இன்று இ-சேவை மையத்தின்வழி விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்களிலும், ஆதார் அட்டையிலும், சான்றிதழ்களிலும் உங்கள் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றுபோல் உள்ளனவா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். மாற்றுச் சான்றிதழைப் பெற்றவுடன் எல்லாவற்றுக்கும் மூன்று படிகள் எடுத்து வையுங்கள். அசல் சான்றிதழை எந்தத் தரகர் கையிலும் கொடாதீர்கள். கலந்தாய்வில் இடம் வாங்கித் தரும் ஆற்றல் எந்தத் தரகருக்கும் இல்லை.

பணத்தை நினைத்துப் பின்வாங்க வேண்டாம். பள்ளிக் கல்விக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை 1944-ஆம் ஆண்டு தொடங்கியது. அப்போது அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாக சபையில் உறுப்பினராய் இருந்தார். இன்று குடும்ப ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்கு மிகாத ஆதிதிராவிட மாணவர் அதனைப் பெறலாம். அது சலுகையன்று; உரிமை. கல்லூரியில் சேர்ந்த வாரமே அதற்கும் விண்ணப்பியுங்கள்.

தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்கு ஒரு சொல். கல்லூரியில் பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். முதல் மாதத்தில் நான் இரவெல்லாம் அழுதிருக்கிறேன். பிறகு ஒவ்வொரு நாளும் பத்துச் சொற்களை எழுதிச் சுவரில் ஒட்டினேன். கலந்தாய்வுக்கும் கல்லூரி திறப்பதற்கும் இடைப்பட்ட நாட்களில் உயிரியல் பாடநூலின் ஆங்கிலப் பதிப்பைப் படித்துவிடுங்கள். அந்த அழுகை உங்களுக்கு வேண்டாம். தம்பிமார்களே, இது பெண்களுக்கு மட்டுமான படிப்பு அன்று. பல கல்லூரிகளில் ஆண்களுக்கும் இடமுண்டு.

இறுதியாக, கழகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இருபத்தைந்து ஆண்டுகளாக மாலை வகுப்பு நடத்தி நம் பிள்ளைகளுக்கு மதிப்பெண் பெற்றுத் தந்தீர்கள். இனி ஆண்டுதோறும் கோடை விடுமுறையில், இக்கட்டடத்தில் ஒரு மேசை போட்டு, படித்த இளைஞர் இருவரை அமர்த்தி, ஒவ்வொரு பிள்ளையின் சான்றிதழையும் விண்ணப்பத்தையும் சரிபார்த்து அனுப்புங்கள். அம்மேசையில் வாரம் இருநாள் அமர நான் ஆயத்தமாக இருக்கிறேன். ஒரு தாளின் பொருட்டு இனி நம் வீட்டுப் பெண் ஒருத்தியும் வரப்பில் நின்று பேருந்தைப் பார்க்கக் கூடாது.