மாலை மணி நான்கரை

 

2019இல் நடந்த தேசிய ஆய்வில், மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. எனக்கும் அந்நோய் உண்டு. நாளடைவில் அது பாத நரம்புகளை மரத்துப்போகச் செய்யும். புண் வந்தாலும் வலிக்காது. 2023இல் காலில் ஆணி தைத்ததை அறியாமலே நடந்தேன். இரண்டு விரல்களை எடுத்தார்கள். 52 நாள் மருத்துவமனையில் கிடந்தேன்.

"இனி நான் எதற்கு?" என்று ஒருநாள் துணைவியாரிடம் அழுதேன். அவர் பதில் பேசவில்லை. மறுநாள் பேத்தியின் கட்டுரை நோட்டையும் சிவப்புப் பேனாவையும் கொண்டுவந்தார். "தாத்தா நாளைக்குள் திருத்தித் தர வேண்டுமாம்" என்றார். அன்று முதல் தினமும் நோட்டு வந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியனுக்கு மீண்டும் வேலை கிடைத்தது! மாலை 4.30 மணிக்குக் காத்திருக்கத் தொடங்கினேன்.

பக்கத்துக் கட்டில் பெரியவரைக் காண யாரும் வரவில்லை. பார்வையாளர் நேரம் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

அன்பர்களே, பொருளை வாரி வழங்கும் நீங்கள், மாதம் ஒரு மாலைப் பொழுதையும் தாருங்கள். அத்தகைய கட்டில்களின் அருகே சற்று அமர்வோம். இன்றிரவு உங்கள் பாதங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்.