உழைப்பும் உடற்பயிற்சியும்

(கட்சிக் கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



உடற்பயிற்சி குறித்துப் பேச்செழும்போது உழைக்கும் மக்களிடையே இரு கருத்துகள் மோதுகின்றன. ‘அது வயிறு நிறைந்தவர்களின் கவலை, மூட்டை சுமப்பவருக்கு எதற்குப் பயிற்சி?’ என்பது ஒன்று. ‘நடந்தால் நோய் தீரும்’ என்ற அறிவுரையை அப்படியே ஏற்பது மற்றொன்று. இரண்டுமே பாதி உண்மைகள்.

இந்த அறிவியலின் தொடக்கமே தொழிலாளர்களிடம்தான். ஜெரி மாரிஸ் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர், ஏறத்தாழ 31,000 லண்டன் போக்குவரத்து ஊழியர்களை ஆராய்ந்து 1953இல் ‘லான்செட்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார். அவர் ஒரு சோஷலிஸ்ட். உலகப் போரின்போது படை மருத்துவராக இந்தியாவிலும் பணியாற்றியவர். நாள் முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, ஈரடுக்குப் பேருந்தின் படிகளில் ஓயாது ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. ஒரே வர்க்கம், ஒரே வண்டி, வேறுபாடு அசைவில்தான்.

ஒருவேளை பருத்தவர்கள்தாம் ஓட்டுநர் வேலைக்கு வந்தனரோ? மாரிஸ் சீருடைகளின் இடுப்பளவுகளைத் திரட்டினார். ஓட்டுநர்களின் இடுப்பு பெரிதாகவே இருந்தது. எனினும், ஒல்லியான நடத்துநருக்கும் பருத்த நடத்துநருக்கும் பாதுகாப்பு கிடைத்ததைத் தொடர் ஆய்வுகள் காட்டின.

அப்படியானால் உடலுழைப்பே மருந்தா? இங்கேதான் விவாதம் கூர்மையடைகிறது. கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளிவந்த ஆய்வில், ஓய்வுநேர உடலசைவு மிகுந்தோரிடையே மரணம் குறைந்தது. கடும் உடலுழைப்பு வேலை செய்தோரிடையே அது கூடியது. அதே ஆண்டில் நார்வேயில் வெளிவந்த ஆய்வு இதை மறுத்தது. புகைப்பழக்கம், கல்வி, வருமானம் முதலியவற்றைக் கணக்கில் கொண்டால், உடலுழைப்பில் ஈடுபட்ட ஆண்களின் ஆயுள் குறையவில்லை என்றது. வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் டென்மார்க் ஆய்வாளர்கள் தரும் விளக்கம் எந்தத் தொழிலாளிக்கும் எளிதில் புரியும். பயிற்சி செய்பவர் களைத்தால் நிறுத்துகிறார். சுமை தூக்குபவரால் நிறுத்த முடியாது. மணிக்கணக்கில் உயர்ந்தே நிற்கும் இரத்த அழுத்தம் தணிய ஓய்வு கிடைப்பதில்லை.

2019 ஆகஸ்டில் ஒன்றிய அரசு ‘ஃபிட் இந்தியா’ இயக்கத்தைத் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனமோ வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான உடலசைவு வேண்டும் என்கிறது. அந்த நிமிடங்கள் எங்கிருந்து வரும்? கர்நாடகத்தில் 2023இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, நாள் வேலை நேரம் 12 மணி வரை நீள வழி திறக்கப்பட்டது. பயணம், சமையல், குழந்தைகள் ஆகியவற்றுக்குப் பின் ஒரு பெண் தொழிலாளிக்கு எஞ்சுவது உறக்கம் மட்டுமே, அதுவும் அரைகுறையாக. இந்தியாவில் போதிய உடலசைவு இல்லாதோர் ஆண்களில் 42 விழுக்காடு, பெண்களில் 57 விழுக்காடு என்ற 2022ஆம் ஆண்டுக் கணிப்பைச் சோம்பலின் கணக்காக வாசிப்பவர்கள், நேரத்தையும் பாதுகாப்பான திறந்தவெளியையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

நடைப்பயிற்சியைக் கேலி செய்வதால் தொழிலாளிக்கு எந்த நன்மையும் விளையாது. சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் குடிசைகளிலும் நுழைந்துவிட்டன. மாரிஸும் பிற்காலத்தில் பயிற்சியை மட்டும் பேசவில்லை. நலமாக வாழக் குறைந்தபட்சம் எவ்வளவு வருமானம் தேவை என்றும் கணக்கிட்டார். எட்டு மணி நேர வேலை, இடைவேளை, பூங்கா, நடைபாதை ஆகிய யாவும் இந்த விவாதத்துக்குள் அடங்கும். நெடுநேரம் உட்கார்வது கேடு என மருத்துவர்கள் எச்சரிக்கும் இதே காலத்தில்தான், கேரளத்தின் ஜவுளிக்கடைப் பெண் ஊழியர்கள் வேலையின்போது உட்காரும் உரிமைக்காகப் போராடி, 2018இல் அதைச் சட்டமாக்கச் செய்தனர்.